தோட்டத்து வீட்டை நம்பி இருப்பவர்களுக்கு: மலிவு விலை வீடும் அரசு வாடகை வீடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்றால் முதலில் கண்முன் வருவது தொழிலாளர்களின் வரிசை வீடான லயம்தான். வாடகை இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். கூரை ஒழுகினால் ஆபீசில் சொல்லலாம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி பக்கத்திலேயே இருக்கும், கோவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆனால் அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். வேலைக்காரருக்கு வயதாகி ஓய்வு வரலாம், தோட்டம் வேறு கைக்கு மாறலாம், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடலாம், நிலமே வீடமைப்புப் பகுதியாகலாம். எது நடந்தாலும் கடைசியில் கைக்கு வருவது காலி செய்யச் சொல்லும் கடிதம்.

அப்போது பல குடும்பங்களிடம் சொந்த வீடு இருப்பதில்லை. குடி, சோம்பல், ஆடம்பரக் கல்யாணம் என்று வெளியே இருப்பவர்கள் காரணம் சொல்வார்கள். இந்தக் குடும்பங்களின் தாட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் காரணம் வேறு. விண்ணப்பம் பத்துப் பதினைந்து வருடம் தாமதமாகத் தொடங்குகிறது. தொடங்கிய பிறகு ஏதோ ஒரு தாளில் சிக்கி நின்றுவிடுகிறது. இரண்டையும் சரிசெய்ய முடியும். எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தோட்டம் ஏன் தனி உலகமாக இருந்தது

தோட்டம் தனியார் நிலம். அதனால் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போன சாலை, விளக்கு, வீட்டு உதவிகள் நெடுங்காலம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. தொழிலாளர்களுக்கு வீடு தரும் முதலாளி எந்தத் தரத்தில் தரவேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. 2019இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறையினுடையது. வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அக்கறை. வீடு யாருடையது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இந்த ஆபத்து முதல்முறையாக எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். எண்பதுகளுக்குப் பிறகு தோட்டங்கள் நகரங்களாக மாறத் தொடங்கியபோது அப்படி ஒரு சேமிப்பு இல்லாதவர்கள் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். லயத்தில் இலவசமாக இருந்தே பழகிவிட்டவர்கள் என்று இவர்களைச் சொல்வது நியாயமில்லை. வீடு தருகிறோம் என்ற கணக்கும் சேர்ந்துதான் தோட்டத்துச் சம்பளம் குறைவாக இருந்தது. அந்த வீட்டுக்கு அவர்கள் உழைப்பால் வாடகை கட்டியிருக்கிறார்கள்.

மலிவு என்றால் எவ்வளவு?

குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் விலை இருந்தால் அந்த வீடு கட்டுப்படியாகும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. வீட்டில் ஒருவர் மட்டும் இந்தச் சம்பளம் வாங்கினால் ஆண்டுக்கு 20,400. மூன்று மடங்கு 61,200 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வாங்கினால் 122,400. "மலிவு விலை" என்று விளம்பரம் போட்டு இரண்டு, மூன்று லட்சத்துக்கு விற்கும் வீடு வேறு யாருக்கோ மலிவாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு மலிவில்லை.

அடுத்தது மாதத் தவணை. பொதுவாக வீட்டுச் செலவு மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். 1,700 வெள்ளியில் அது 510.

வயது இங்கேதான் குறுக்கே வருகிறது. வங்கிகள் வீட்டுக் கடனை 35 ஆண்டுக்கு மேல் தருவதில்லை. 65 வயதுக்குள் கடனை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 4.2 விழுக்காடு, கடன் ஒரு லட்சம் வெள்ளி. 30 வயதில் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 455 வெள்ளி கட்ட வேண்டும். 40 வயதில் எடுத்தால் 539. 50 வயதில் எடுத்தால் 750. வீடும் அதுதான், கடனும் அதுதான். இருபது வருடம் தள்ளிப்போட்டதால் மாதம் முந்நூறு வெள்ளி கூடுகிறது. "ஓய்வு வரட்டும், சேமநிதிப் பணம் கைக்கு வரும், அப்போது பார்த்துக்கலாம்" என்ற கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. 60 வயதுக்காரருக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். சேமநிதியை முழுவதும் வீட்டில் போட்டால் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது?

லயத்தில் இருக்கும் காலம்தான் வீடு வாங்கச் சரியான காலம். வாடகைச் செலவு இல்லாத அந்த வருடங்களிலேயே வீட்டுக்கான பதிவு, சேமிப்பு, வங்கியில் நல்ல பெயர் மூன்றையும் தயாராக்கிவிட வேண்டும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன

முதலில் பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டம். 1998 முதல் நடப்பது. வீடு குறைந்தது 700 சதுர அடி. மூன்று அறை, ஒரு கூடம், சமையலறை. இதில் வாடகை வகையும் உண்டு, விற்பனை வகையும் உண்டு. தீபகற்பத்தில் வாடகை மாதம் 124 வெள்ளி. தண்ணீரும் மின்சாரமும் தனி. அரசு வீடு சும்மா கிடைக்கிறது என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு இந்தத் தொகையே பதில். விற்பனை வகையில் வாங்கினால் நினைத்த நேரத்தில் விற்க முடியாது. பல ஆண்டுத் தடை உண்டு.

பி.பி.ஆர். வாடகைக்கான குடும்ப வருமான வரம்பு பல ஆண்டுகளாக 3,000 வெள்ளி. மேலே சொன்ன சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினாலே 3,400 ஆகிவிடும். வாடகை வீட்டுக்கு வருமானம் அதிகம், வங்கிக் கடனுக்கு வருமானம் குறைவு என்று நடுவில் மாட்டுவது இந்தக் குடும்பங்கள்தான். இது திட்டத்தின் குறை, குடும்பத்தின் குறையில்லை. வரம்புகள் அவ்வப்போது மாறும். போன முறை தகுதியில்லை என்றார்கள் என்று விட்டுவிடாதீர்கள், விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுப் பாருங்கள். வருமானத்தைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனைக்கு மட்டும் காது கொடுக்கக்கூடாது. சேமநிதிக் கணக்கோடு ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தால் கிடைத்த வீடும் போய்விடும்.

இரண்டாவது, மாநில அரசின் குறைந்த விலை வீடுகளும் நடுத்தர விலை வீடுகளும். தனியார் மேம்பாட்டாளர் ஒரு வீடமைப்புப் பகுதி கட்டும்போது அதில் ஒரு பங்கைக் குறைந்த விலையில் கட்ட வேண்டும் என்று மாநிலம் நிபந்தனை போடும். 1982இல் குறைந்த விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998இல் இடத்துக்குத் தக்கபடி 25,000 முதல் 42,000 வரை என்று மாற்றினார்கள். இந்த வீடுகளை யாருக்கு விற்பது என்பதை மேம்பாட்டாளர் முடிவு செய்வதில்லை. மாநில அரசிடம் பதிந்தவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் வீடு எழும்பினாலும் நமக்கு வாய்ப்பில்லை.

மூன்றாவது, ருமா மெஸ்ரா ராக்யாட். தேசிய வீடமைப்பு நிறுவனமான எஸ்.பி.என்.பி. நம்முடைய நிலத்தில் மூன்று அறை வீடு கட்டித் தரும். செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும், மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம். நல்ல திட்டம், ஆனால் நிலம் வேண்டும். சொந்த நிலமாக இருக்கலாம், இல்லாவிட்டால் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு நிபந்தனையிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். கம்பத்து ஏழைகளுக்கான வீடு பழுதுபார்ப்பு உதவிக்கும் இதே சிக்கல் உண்டு.

நிலம் பற்றிப் பேசும்போது டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தையும் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் பணம் கட்டுகிறோம், நில அலுவலகத்து ரசீதும் இருக்கிறது, அதனால் நிலம் நம்முடையதுதான் என்று நம்பிக் கல்வீடு கட்டியவர்கள் பலர். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது, விற்கவும் முடியாது. கிரான் என்று நாம் சொல்லும் நிலப்பட்டா கைக்கு வராதவரை அது அரசு நிலம். டி.ஓ.எல். நிலத்தை "விற்கிறேன்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பக் கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை அதில் சேர்த்து வையுங்கள்: கணவன் மனைவி இருவரின் அடையாள அட்டை நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு அறிக்கை, ஒரு மின்சார பில் அல்லது தண்ணீர் பில். எல்லாவற்றிலும் இரண்டு நகல் இருக்கட்டும். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்தால் சமூக நலத்துறை அட்டையின் நகலும் வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பு எங்கெங்கே சிக்கும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கோவிலில் தாலி கட்டியாகிவிட்டது, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போயிற்று, ஆனால் பதிவுத் துறையில் பதியவில்லை. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது சட்டப்படி கட்டாயம். பதியாவிட்டால் விண்ணப்பத்தில் கணவன் மனைவி என்று எழுத முடியாது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் விடுபட்டிருக்கலாம், பிள்ளையின் குடியுரிமையிலும் சிக்கல் வரலாம். எவ்வளவு காலமாகியிருந்தாலும் தேசியப் பதிவுத் துறைக்குப் போய்ப் பேசுங்கள். பிள்ளை குட்டி பிறந்த பிறகு பதிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது சிவப்பு அடையாள அட்டை. அது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கானது, குடிமக்களுக்கு நீல அட்டை. இந்தத் திட்டங்கள் குடிமக்களுக்கானவை. கணவரிடம் சிவப்பு அட்டை, மனைவியிடம் நீல அட்டை என்றால் மனைவி பெயரில் விண்ணப்பிக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். பொதுவாகவே வீட்டில் மனைவி பெயரையும் சேர்ப்பது நல்லது. ஒருவர் காலமானாலோ பிரிந்தாலோ மற்றவரும் பிள்ளைகளும் தெருவுக்கு வராமல் இருக்க அது உதவும்.

மூன்றாவது முகவரி. அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும்தான் இருக்கும். வீடு ஒதுக்கும் கடிதம் அந்த முகவரிக்கே போகும். தோட்டத்துக்கு வரும் தபால் ஆபீசுக்கு வந்து கிராணியின் (எழுத்தரின்) மேசையில் அடுக்கப்படும். யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் வீடு வந்து சேரும். அதற்குள் பதில் சொல்லவேண்டிய தேதி முடிந்து வீடு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். பத்து வருடம் காத்திருந்து கிடைத்த வீடு இப்படிக் கைநழுவுவதைப் பார்ப்பது மிகுந்த வேதனை. முகவரியையும் கைபேசி எண்ணையும் மாற்றியதும் பதிவுத் துறைக்கும் மாநில அரசின் வீடமைப்புப் பிரிவுக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு இடத்தில் சொன்னால் மற்ற இடத்தில் தானாக மாறாது.

கோப்பைக் கொடுத்ததும் பதிவு எண்ணையும் தேதி முத்திரை குத்திய நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணைக் காட்டி, பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளம், பிள்ளைகள் எண்ணிக்கை மாறியிருந்தால் அப்போதே திருத்திவிடலாம். அரசு வீட்டுக்கு வரிசையை முந்த ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு, "மேலே ஆள் இருக்கிறது" என்று சொல்பவரிடம் ஒரு காசும் தரக்கூடாது. பி.பி.ஆர். வாடகை வீட்டின் சாவியைச் சில ஆயிரத்துக்கு விற்பவரும் இதே ரகம்தான். அந்த வீடு அவருடையதே இல்லை. சோதனை வந்தால் வெளியேற்றப்படுவது உள்ளே இருக்கும் குடும்பம்.

வங்கி ஏன் மறுக்கிறது

வங்கி முதலில் பார்ப்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் அறிக்கையை. கடந்த 12 மாதத் தவணைகளைக் கட்டினோமா இல்லையா என்பது அதில் தெரியும். மோட்டார் சைக்கிள் கடனில் இரண்டு மாத நிலுவை, தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, கட்டாத கல்விக் கடன் எல்லாம் இங்கேதான் வெளிவரும். இந்த அறிக்கையை நாமே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். வீடு கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே எடுத்துப் பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

அடுத்தது வருமானச் சான்று. வெட்டும் செம்பனைக் குலையின் எடைக்குத் தக்கபடி சம்பளம் ஏறி இறங்கும் என்பதால், மழை மாதச் சீட்டை மட்டும் காட்டினால் கணக்கு குறையும். ஆறு மாதச் சீட்டுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். குத்தகைக்காரரிடம் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்களுக்குச் சீட்டும் இருக்காது, சேமநிதியும் இருக்காது. சேமநிதி கட்டுவது முதலாளியின் சட்டக் கடமை. கணக்கைத் திறந்து பாருங்கள், விடுபட்டிருந்தால் சேமநிதி வாரியத்தில் புகார் செய்யலாம். நாசிலெமாக் கடை, புல்வெட்டு, தையல் என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் வரும் பணத்தை மாதம் தவறாமல் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காக எஸ்.ஜே.கே.பி. என்ற அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அங்கேயும் அந்தக் கணக்குப் புத்தகம்தான் நமக்காகப் பேசும்.

முன்பணத்துக்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே அது கிடைக்கும் என்பதால் தொடக்கச் செலவுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். தனியார் மேம்பாட்டாளரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் "புக்கிங்" பணம் வாங்குவது விதிக்கு மாறானது. கையெழுத்திடும்போது 10 விழுக்காடு கட்டினால் போதும். தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டப்படியான ஒப்பந்தத்தின் வழக்கமான கெடு. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை அவர்களே சரிசெய்து தரவேண்டும். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வடிகால் பக்கம் ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா பாருங்கள். ஒவ்வொரு மின்செருகியிலும் கைபேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு ஜன்னல் ஓரச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். குறையைப் படமெடுத்து, எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். செய்து தராவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 10 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

"ஃபிளாட்டா? அங்கே நல்ல குடும்பம் இருக்குமா?"

பெண் கொடுக்கும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போதும் குறைந்த விலை அடுக்குமாடியின் பெயரைச் சொன்னதும் சிலருக்கு முகம் மாறும். ரவுடி, போதை, குப்பை என்று ஒரு சித்திரம் மனத்தில் பதிந்துவிட்டது. பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் பகுதி பி.பி.ஆரில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுப் பையனின் உயிரைப் பறித்தது. தலைநகரின் குறைந்த விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருப்பதாகச் சொன்னது. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் சொல்வது பெரிய அநியாயம். நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஒரே கோபுரத்தில் ஏற்றி, சில மின்தூக்கிகளை மட்டும் வைத்து, பிள்ளைகள் ஓடி விளையாட இடமும் விடாவிட்டால் எந்த இனத்தவர், எந்த ஊர்க்காரர் இருந்தாலும் சிரமம்தான்.

கட்டடம் ஏன் சீரழிகிறது என்பதற்குக் கணக்கே போதும். சொந்தமாக வாங்கிய 80 வீடுகள் கொண்ட ஐந்து மாடி ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 40 வெள்ளி என்றால் 3,200 வர வேண்டும். பாதிப்பேர் கட்டாவிட்டால் 1,600. அதில் குப்பை, துப்புரவு, மாடிப்படி விளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டார் எல்லாம் பார்க்க வேண்டும். மோட்டார் கெட்டால் மாற்றப் பணம் இருக்காது. தண்ணீர் வராவிட்டால் கட்டிக்கொண்டிருந்தவரும் "எதற்குக் கட்டுவது?" என்று நிறுத்திவிடுவார். இரண்டு மூன்று வருடத்தில் கட்டடத்தின் முகமே மாறிவிடும். லயத்தில் எல்லாவற்றையும் நிர்வாகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே நிர்வாகம் என்பது குடியிருப்பவர்கள்தான்.

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைச் சேமிப்பு நிதியாகவும் கட்ட வேண்டும். பெயின்ட், கூரை போன்ற பெரிய வேலைக்கான பணம் அது. நிலுவை வைத்திருப்பவருக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. எழுத்து நோட்டீசுக்குப் பிறகும் கட்டாவிட்டால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் வரை போகலாம். கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கைத் தாளில் கேளுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுவார்.

கடைசியாக, நம்மவர்களே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு பேச்சு. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது, எல்லாம் கோட்டா." பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஒதுக்கீட்டுக்கு வெளியே இருக்கும் வீடுகளும் உண்மை. மனு போடாத குடும்பம் எந்தக் கணக்கிலும் வராது. இந்த வட்டாரத்தில் இத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்திருக்கின்றன என்று காட்ட மாநில அரசிடம் இருப்பது அந்தப் பதிவுப் பட்டியல் ஒன்றுதான். சட்டமன்ற உறுப்பினரிடம் பேசப் போகிறவர்களும், தோட்டத்தை விற்கும்போது தொழிலாளர்களுக்கு நிலம் ஒதுக்கக் கேட்டு வாதாடும் தொழிற்சங்கமும் பதிவு எண்களோடு போனால் பேச்சுக்கு எடை இருக்கும். லயத்தில் முப்பது குடும்பம் இருந்தால் முப்பது கோப்பும் போகட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுக்கட்டும்.